குடலில் பூஞ்சை முற்றிவிட்டது என்கிறார்கள், 90 நாள் பேக்கேஜ் எடுக்கலாமா?

மண்டபம்_கருவாடு:

எல்லோருக்கும் வணக்கம். வயது 46, மண்டபத்தில் கருவாட்டு வியாபாரம். போன வருஷத்திலிருந்தே வயிறு சொன்னபடி கேட்பதில்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் உப்ப ஆரம்பித்துவிடும், ஏப்பம், உள்ளே கடமுடா சத்தம், சில நாள் நாலைந்து தடவை போகும், சில நாள் போகவே போகாது. காலையில் கண்ணாடியில் பார்த்தால் நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசே வராத அளவுக்கு அசதி.

சிங்கப்பூரில் இருக்கிற மச்சான் சொன்னதால் ஆன்லைனில் ஒரு கிளினிக்கில் பேசினேன். எழுந்ததும் டம்ளர் தண்ணீரில் எச்சில் துப்பச் சொன்னார்கள், அது நூல் நூலாகக் கீழே இறங்கினால் குடலில் ஈஸ்ட் பெருகியிருக்கிறதாம். இறங்கியது. அப்புறம் மலப் பரிசோதனை, அதிலும் கேண்டிடா என்ற ஈஸ்ட் வளர்ந்திருக்கிறது என்று வந்தது. இப்போது 90 நாள் பேக்கேஜ், 24,000 ரூபாய். சோறு, இட்லி, பழம், பதநீர், கருப்பட்டி எதுவும் கூடாது, பழைய சோறு கூடவே கூடாது, புளித்ததெல்லாம் ஈஸ்ட்டுக்குத் தீனி என்கிறார்கள். கேப்ரிலிக் அமில கேப்சூல், ஓரிகானோ எண்ணெய், ஒரு ப்ரோபயாடிக், கூடவே பூஞ்சைக்கான மாத்திரை ஃப்ளூகோனசோல் 150 தினமும் ஒன்று. முதல் இரண்டு வாரம் குமட்டல், வாந்தி, தலைவலி, அசதி வந்தால் பயப்படாதீர்கள், பூஞ்சை சாகிற அறிகுறிதான் என்று எழுதியும் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது எடுக்கிற மாத்திரை: சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்தது, டாபாகிளிஃப்ளோசின், கொழுப்புக்கு அடோர்வாஸ்டாட்டின், வயிற்று அமிலத்துக்குக் காலையில் வெறும் வயிற்றில் பேன்டோபிரசோல். சரக்கு ஏற்றி இறக்குகிற நாட்களில் இடுப்பு வலிக்குக் கடையில் பல மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கிற செட் மாத்திரை. மூன்று மாதச் சர்க்கரை 9.2.

ஏப்ரல் 15-க்கு மேல் மீன்பிடித் தடைக்காலம், இரண்டு மாதம் வரவு குறைந்துவிடும், அதற்குள் முடிவெடுக்கணும். ஃப்ளூகோனசோல் நல்லதா, நிஸ்டாட்டின் என்கிற இன்னொரு பூஞ்சை மருந்து நல்லதா, இல்லை டயட் மட்டும் போதுமா?

தேவிபட்டினம்_பார்மசி:

அண்ணே, உங்கள் மாத்திரைப் பட்டியலைக் கேட்டுவிட்டுத்தான் அந்த கிளினிக் இதை எழுதியதா? கேட்டிருந்தால் இப்படி எழுத வாய்ப்பே இல்லை. கிளிமிபிரைடை உடம்பிலிருந்து கழிக்கிற கல்லீரல் நொதியை ஃப்ளூகோனசோல் அமுக்கிவிடும். அதாவது நீங்கள் ஒரு மாத்திரை போட்டாலும் ரத்தத்தில் அதைவிட அதிகமாகத் தேங்கும், சர்க்கரை சடாரென்று இறங்கும். இதில் சோற்றையும் நிறுத்தச் சொல்கிறார்கள். வேர்த்து, கை நடுங்கி, லோடு ஏற்றுகிற இடத்தில் மயங்கி விழுந்தால் யார் பார்ப்பது? அடோர்வாஸ்டாட்டினோடும் ஒத்துக்கொள்ளாமல் தசை வலி வரலாம்.

அடுத்தது டாபாகிளிஃப்ளோசின். அது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுகிற மருந்து. அதைப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பித்து கீட்டோன் ஏறும், ரத்தம் அமிலமாகும். மெஷினில் சர்க்கரை அவ்வளவு ஏறாமல் இருக்கும்போதே இது நடக்கும், அதுதான் ஆபத்து. அறிகுறி என்ன தெரியுமா? குமட்டல், வாந்தி, அசதி, மேல்மூச்சு. இதையெல்லாம் பூஞ்சை சாகிற அறிகுறி என்று பேப்பரில் எழுதிக் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஐசியூவில் படுக்க வேண்டிய ஆளை வீட்டிலேயே படுக்க வைக்கிற பேப்பர் அது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

இன்னொன்று, அந்த செட் மாத்திரை. பல கடைகளில் அதில் டெக்ஸாமெத்தசோனோ பீட்டாமெத்தசோனோ இருக்கும், ஸ்டீராய்டு. போட்ட அன்றைக்கு இடுப்பு லேசாக இருக்கும், சர்க்கரை எகிறும், வாயில் பூஞ்சை படர்வதற்கும் அதுவே வழி விடும். நம்ம கரையில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் வலை இழுக்கிறவர்களும் சுமை தூக்குகிறவர்களும் இதை மிட்டாய் மாதிரி வாங்குகிறார்கள். என் கடையில் கொடுப்பதில்லை, அதனால் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள், அது வேறு கதை.

உச்சிப்புளி_அக்கா:

தம்பி, பயமுறுத்துகிறார்களே என்று நினைக்காதே, ஆனால் எல்லாமே ஏமாற்று என்றும் சொல்லிவிட முடியாது. நான் இந்த மாதிரி டயட்டில் இருந்தவள். பிஸ்கட், பால் டீ, பரோட்டா, பேக்கரி எல்லாவற்றையும் விட்டேன், உப்பசம் நன்றாகக் குறைந்தது, எடையும் குறைந்தது. கூடவே காலையில் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய், அதிலேயே கேப்ரிலிக் அமிலம் இருக்கிறதே, கேப்சூல் எதற்கு? மாத்திரையே இல்லாமல் எனக்குச் சரியானது. எனக்குச் சர்க்கரை கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கீழக்கரை_டாக்டர்:

பார்மசி தம்பி சொன்னது முழுக்கச் சரி. பேக்கேஜில் கையே வைக்காதீர்கள், அதே நேரத்தில் உங்கள் சர்க்கரை மாத்திரைகளையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இனி பூஞ்சை விஷயம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கேண்டிடா என்பது ஆரோக்கியமாக இருக்கிறவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர் குடலில் சும்மா குடியிருக்கிற ஈஸ்ட். அதனால் மலத்தில் வளர்ந்தது என்ற ரிப்போர்ட்டை வைத்து நோய் என்று சொல்ல முடியாது, என் மலத்தைக் கொடுத்தாலும் வளரலாம். எச்சில் சோதனை சோதனையே இல்லை. எச்சிலில் இருக்கிற கோழைப் புரதம் தண்ணீரில் நூலாக இறங்கத்தான் செய்யும்.

சோர்வு, மூளை மந்தம், உப்பசம், மூட்டு வலி எல்லாவற்றுக்கும் குடல் ஈஸ்ட்தான் காரணம் என்ற பேச்சு அமெரிக்காவில் 1980-களில் பரவியது. வில்லியம் க்ரூக் என்ற டாக்டர் 1983-ல் எழுதிய புத்தகம் அதற்குப் பெரிய காரணம். 1986-லேயே அங்குள்ள ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் இது நிரூபிக்கப்படாதது என்று அறிக்கை விட்டது. அப்புறம் 1990-ல் அலபாமாவில் 42 பெண்களுக்கு நிஸ்டாட்டினையும் வெறும் மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறப்புறுப்பு அரிப்பு போன்ற தொல்லைகள் நிஸ்டாட்டினில் குறைந்தன, ஆனால் சோர்வு மாதிரி உடம்பு முழுக்க இருந்த தொல்லைகளில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அந்தக் கிளினிக் விற்பது இந்தப் பழைய சரக்குதான்.

அதற்காகக் குடலில் ஈஸ்ட் பெருகவே பெருகாது என்றும் இல்லை. ஜார்ஜியா மாநிலத்தில் சதீஷ் ராவ் என்ற குடல் மருத்துவரும் அவர் குழுவும், காரணம் பிடிபடாத வயிற்றுத் தொல்லை உள்ளவர்களின் சிறுகுடலில் குழாய் விட்டு நீரை எடுத்து வளர்த்துப் பார்த்தபோது, சுமார் கால்வாசிப் பேருக்குப் பூஞ்சை அளவுக்கு மேல் இருந்தது. குடல் அசைவு மந்தமானவர்களுக்கும் வருஷக்கணக்காக அமில மாத்திரை போடுகிறவர்களுக்கும் பாக்டீரியாவோ பூஞ்சையோ இப்படிப் பெருக வாய்ப்பு அதிகம் என்றும் பார்த்தார்கள். நீண்ட நாள் சர்க்கரை குடல் அசைவை மந்தமாக்கும், நீங்களோ தினமும் பேன்டோபிரசோல் போடுகிறீர்கள். அதனால் உங்கள் சந்தேகத்தை முழுசாகத் தள்ளவில்லை. ஆனால் அதை உறுதிப்படுத்த எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறுகுடல் நீரை எடுத்துப் பார்க்க வேண்டும், மலமோ எச்சிலோ போதாது. உறுதியானால் இரண்டு மூன்று வாரம் ஃப்ளூகோனசோல் கொடுப்பது வழக்கம், அதுவும் உங்கள் சர்க்கரை மருந்தை மாற்றி, கல்லீரல் பார்த்த பிறகு. நிஸ்டாட்டின் குடலிலிருந்து ரத்தத்துக்குள் ஏறாது, அதனால் மற்ற மாத்திரைகளோடு மோதாது. வாய்ப் பூஞ்சைக்கு நல்ல மருந்து. சிறுகுடலுக்கு அது போதுமா என்பதற்கு நல்ல ஆய்வு கிடையாது.

இதற்கெல்லாம் முன்னால் எளிமையான காரணங்கள் இருக்கின்றன. மெட்ஃபார்மினே உப்பசமும் பேதியும் தரும், மெதுவாகக் கரைகிற வகைக்கு மாற்றினால் பலருக்குப் பாதி பிரச்சினை தீரும். பால் ஒத்துக்கொள்ளாமை, குடல் எரிச்சல் நோய், ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி, தைராய்டு எல்லாம் பட்டியலில் உண்டு. 45 தாண்டி மலம் போகிற பழக்கம் மாறியிருக்கிறது, ஆகவே பெருங்குடலையும் ஒருமுறை குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். மலத்தில் ரத்தம், எடை இறக்கம், ரத்தச்சோகை இதில் ஒன்று இருந்தாலும் தள்ளிப் போடாதீர்கள்.

எனக்கு வயிற்றைவிட உங்கள் வாய்தான் கண்ணில் படுகிறது. கன்னத்தின் உள்பக்கமும் வெள்ளை என்கிறீர்கள். துணியால் மெதுவாகத் துடைத்தால் அந்த வெள்ளை பெயர்ந்து கீழே சிவந்து தெரிகிறதா? அப்படியென்றால் வாய்ப் பூஞ்சையாக இருக்கலாம். கொஞ்சம் வழித்து எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது மலிவான, சின்னச் சோதனை. 9.2 சர்க்கரையும் செட் மாத்திரை ஸ்டீராய்டும் சேர்ந்தால் வாயில் அது வருவது அதிசயமே இல்லை.

அக்காவுக்கு: நீங்கள் விட்ட பட்டியலில் பாலும் கோதுமையும் இருக்கின்றன. குடலில் செரிக்காமல் நொதித்து வாயுவாகிற சாமான்கள் அவை, வெங்காயம், பூண்டு, துவரம்பருப்பு எல்லாம் அதே கூட்டம். உப்பசம் குறைந்ததற்கு ஈஸ்ட் சாக வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெய் எலிகளின் குடலில் கேண்டிடாவைக் குறைத்ததாக ஆய்வு உண்டு, மனிதர்களுக்கு மருந்து என்று சொல்லும் நிலையில் இல்லை.

தொண்டி_இன்ஹேலர்:

ஒரு விஷயம் சேர்க்கிறேன். எனக்கு ஆஸ்துமா, ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுக்கிறேன். முள் குத்தின மாதிரி விழுங்கும்போது நெஞ்சில் வலி, முதலில் மீன் முள்தான் சிக்கியிருக்கிறது என்று வாழைப்பழமாக விழுங்கிக்கொண்டிருந்தேன். மதுரையில் எண்டோஸ்கோப்பி பார்த்தபோது உணவுக்குழாய் முழுக்க வெள்ளைத் திட்டு, சதை எடுத்துப் பார்த்து கேண்டிடா என்று உறுதி செய்தார்கள். ஃப்ளூகோனசோல் மூன்று வாரம், நாலைந்து நாளிலேயே விழுங்க முடிந்தது. எச்ஐவி சோதனையும் செய்தார்கள், சங்கடப்படாதீர்கள், இந்த நோய்க்கு அது வழக்கமாகப் பார்ப்பது. இப்போது இன்ஹேலர் இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புகிறேன். அண்ணே, உங்களுக்கு விழுங்கும்போது வலி இருக்கிறதா?

மண்டபம்_கருவாடு:

விழுங்க வலி இல்லை. துணியால் துடைத்துப் பார்த்தேன், கன்னத்தில் பெயர்ந்து வருகிறது, அடியில் சிவப்புதான். பணம் இன்னும் கட்டவில்லை. மூன்று சந்தேகம் மட்டும். பழைய சோறு நிஜமாகவே விஷமா? பதநீர் சீசன் வருகிறது, சுண்ணாம்பு போட்டதால் புளிக்காதே, குடிக்கலாமா? அவர்கள் சொன்ன ப்ரோபயாடிக்கில் சாக்கரோமைசஸ் பவுலார்டி என்று இருக்கிறது, அதை மட்டுமாவது போடலாமா?

கீழக்கரை_டாக்டர்:

பழைய சோற்றைப் புளிக்க வைப்பதில் பெரும்பங்கு லாக்டிக் அமில பாக்டீரியாவுக்கு. அது கேண்டிடாவை வளர்க்கும் என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. சோறு சோறுதான் என்பதால் அளவு பாருங்கள், தொட்டுக்கொள்ள மீனை அதிகமாக்குங்கள். உப்பசத்துக்கு சோறும் மீனும் லேசான கூட்டணிதான், சாம்பாரும் பரோட்டாவும்தான் கனம். கருவாடு உங்கள் கையில் எப்போதும் இருக்கும், ரத்த அழுத்தம் இருந்தால் உப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதநீர் வேண்டாம். சுண்ணாம்பு நொதிப்பதைத் தடுக்கிறது, நொதிக்காததால்தான் சர்க்கரை அப்படியே இருக்கிறது. கருப்பட்டியும் அதையே காய்ச்சியதுதான். நம்ம மாவட்டத்தில் சீனியை விட்டுவிட்டேன் டாக்டர், கருப்பட்டிக் காப்பிதான் என்று பெருமையாகச் சொல்கிறவர்களுக்கு மூன்று மாதச் சர்க்கரை 10-க்கு மேல் இருப்பதை நான் பார்க்கிறேன்.

பவுலார்டி என்பதும் ஒரு ஈஸ்ட்தான், 1920-களில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் இந்தோசீனாவில் பழத்தோலிலிருந்து பிரித்தது. ஆன்டிபயாடிக் பேதிக்கு உதவும். ஈஸ்ட்டை ஒடுக்கும் ஃப்ளூகோனசோலோடு சேர்த்துக் கொடுத்தால் அந்த மருந்து பவுலார்டியையும் ஒடுக்கிவிடலாம், ஒரே பேக்கேஜில் இரண்டையும் வைத்தவருக்கு அது தெரியவில்லை. உங்களுக்கு இப்போதைக்கு அவசியமில்லை.

மண்டபம்_கருவாடு:

ராமநாதபுரம் அரசு மெடிக்கல் காலேஜில் காட்டினேன். வாயில் வழித்து எடுத்துப் பார்த்ததில் ஈஸ்ட் இருக்கிறது என்று வந்தது. வாயில் தடவ க்ளோட்ரிமசோல் மருந்து இரண்டு வாரத்துக்கு. மெட்ஃபார்மினை மெதுவாகக் கரைகிற வகைக்கு மாற்றி, கிளிமிபிரைடைத் தனியாக எழுதியிருக்கிறார்கள். பேன்டோபிரசோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார்கள். இடுப்புக்கு பிசியோதெரபி, செட் மாத்திரை கூடாது என்று சீட்டிலேயே எழுதிவிட்டார்கள். உப்பசம் இதற்கு மேலும் இருந்தால் மதுரையில் குடல் டாக்டரிடம் போகணும், கொலோனோஸ்கோப்பியும் அங்கேதான். அந்தக் கிளினிக்காரர்கள் இன்னும் போன் செய்கிறார்கள், 24,000 இப்போது 15,000 ஆகியிருக்கிறது.

தேவிபட்டினம்_பார்மசி:

நல்லது அண்ணே. வாய் மருந்தைத் தடவியதும் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாதீர்கள், வெள்ளை போய்விட்டது என்று பாதியில் நிறுத்தவும் வேண்டாம். பல்செட் கட்டியிருந்தால் ராத்திரி கழற்றி ஊற வையுங்கள், இல்லையென்றால் அதிலிருந்தே திரும்ப வரும். டாபாகிளிஃப்ளோசினைத் தொடரச் சொன்னார்களா? அப்படியானால் சிறுநீர் போன பிறகு அந்த இடத்தைக் கழுவி ஈரமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள், அங்கேயும் இதே பூஞ்சை வரும், அரிப்பு இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வாந்தி, பேதி என்று சாப்பிட முடியாத நாளில் அந்த மாத்திரையை என்ன செய்வது என்பதை அடுத்த தடவை போகும்போது மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.