16 இன்ச் அலாய் போட்ட வண்டி, ஆரியங்காவு ரோட்டில் இடுப்பை ஒடிக்கிறது: டயரா, ஷாக்கா?

புளியரை_வளைவு

வணக்கம். ஊர் செங்கோட்டை, வேலை புனலூரில். புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை என்று அந்த ரோட்டிலேயே பிழைப்பு ஓடுகிறது. எம்.சாண்ட் லாரிகள் வரிசை கட்டி ஏறுகிற பாதை. ஒரு மழைக்காலம் போனால் தார் எங்கே, குழி எங்கே என்று தேடித்தான் ஓட்ட வேண்டும்.

போன மாதம் 2018 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இன்ஜின் சுத்தம். முதல் ஓனர் கம்பெனி வீலைக் கழற்றிவிட்டு 16 இன்ச் அலாய் போட்டிருக்கிறார். பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் சின்னக் குழியில் இறங்கினாலும் "டப்" என்று ஸ்டீயரிங் வரைக்கும் அடி வருகிறது. பாலத்தின் இரும்புப் பட்டையில் ஏறி இறங்கினால் முதுகில் தெரிகிறது. வேடிக்கை என்னவென்றால், பெரிய மேடு பள்ளத்தில் வண்டி நன்றாகவே அமுங்கி எழுகிறது, அங்கே குறை இல்லை. அப்புறம், தென்காசி ரோட்டில் 80க்கு மேல் போனால் ஸ்டீயரிங் லேசாக உதறுகிறது.

அப்பாவுக்கு டிஸ்க் தேய்மானம். பின் சீட்டில் உட்கார்ந்து வந்தால் தென்மலை வருவதற்குள் "நிறுத்துலே, கொஞ்சம் நடந்துட்டு வாரேன்" என்கிறார். மெக்கானிக் ஒருவர் நாலு ஷாக் அப்சார்பரையும் மாற்றிவிடலாம் என்கிறார். காசைக் கொட்டுவதற்கு முன்னால் உங்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

கம்பமெட்டு_ஜீப்

ஷாக்குக்குப் போகும் முன் மூன்று விஷயம் சொல்லுங்கள். டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை எழுத்து விடாமல் எழுதுங்கள். டிக்கியில் கிடக்கிற ஸ்டெப்னியின் அளவு என்ன? காற்று எவ்வளவு இருக்கிறது? அதை வண்டி ஓடிய பிறகு பார்க்காதீர்கள், காலையில் எடுப்பதற்கு முன்னால் பாருங்கள்.

புளியரை_வளைவு

இன்று காலையில் பார்த்தேன்.

டயர்: 195/55 ஆர்16 91வி, பக்கத்தில் எக்ஸ்.எல். டி.ஓ.டி. வரிசையில் கடைசி நாலு எண் 3418. நாலும் ஒரே கம்பெனி, பட்டன் (ரோட்டைப் பிடிக்கிற ரப்பர் கட்டைகள்) நன்றாகவே இருக்கிறது.
ஸ்டெப்னி: 165/80 ஆர்14 85டி, கறுப்பு ஸ்டீல் ரிம். அதிகம் ஓடியதாகத் தெரியவில்லை.
காற்று: நாலிலும் 38 பி.எஸ்.ஐ. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கிறது, அதில் 33 என்று போட்டிருக்கிறது.

டயர்கடை_தென்காசி

தம்பி, ஷாக்கை விடுங்கள். உங்கள் கேள்விக்குப் பதில் நீங்கள் எழுதின எண்களிலேயே இருக்கிறது.

165/80 என்றால் டயரின் அகலம் 165 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம். அதாவது 132 மி.மீ. இப்போது ஓடுகிற 195/55இல் சுவர் 107 மி.மீ.தான். மொத்த விட்டம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்று, 620 மி.மீ. பக்கம். அதனால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, வண்டி உயரமும் மாறியிருக்காது. ரிம் பெரிதாகியிருக்கிறது, அந்த அளவுக்கு ரப்பர் சிறிதாகியிருக்கிறது. ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஒரு இன்ச் போச்சு. மெத்தை மெலிந்தால் கட்டில் பலகை முதுகில் தெரியாமல் என்ன செய்யும்?

பெரிய பள்ளத்தில் வண்டி மெதுவாக இறங்கி ஏறுகிறது. அங்கே ஸ்பிரிங்குக்கும் ஷாக்குக்கும் வேலை செய்ய நேரம் கிடைக்கிறது. ஆனால் தார் பெயர்ந்த விளிம்பு, பாலத்துப் பட்டை, நீட்டிக்கொண்டிருக்கிற கல், இதெல்லாம் கண் இமைக்கிற நேரத்து அடி. சக்கரத்தையும் அதைத் தாங்குகிற ஆர்மையும் தூக்கி ஸ்பிரிங் அமுங்குவதற்குள் அடி உள்ளே போய்விடும். அதை முதலில் வாங்க வேண்டியது டயர்தான். உங்களுக்குப் பெரியது சுகம், சின்னது வலி. ஷாக் போன வண்டியில் நேர்மாறாக இருக்கும். மேட்டில் ஏறி இறங்கினதும் இரண்டு மூன்று முறை ஆடும், வளைவில் மிதக்கும், ஷாக்கின் உடம்பில் எண்ணெய்க் கசிவு இருக்கும். அதையும் ஒரு தடவை குனிந்து பார்த்துவிடுங்கள், செலவில்லை.

இரண்டாவது, அந்த எக்ஸ்.எல். கூடுதல் பாரம் தாங்குவதற்காகக் கட்டின டயர் அது. 91 என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ. உங்கள் வண்டிக்குக் கம்பெனி கொடுத்த 85, 515 கிலோ. 100 கிலோ கூடுதல் தெம்பு உங்களுக்கு எதற்கு? அந்தத் தெம்பு உடம்பு விறைப்பாகத்தான் வெளியே தெரியும்.

மூன்றாவது வயது. 3418 என்றால் 2018இல் 34ஆவது வாரம் செய்தது. பட்டன் இருந்தாலும் ரப்பர் கெட்டியாகியிருக்கும். கட்டை விரல் நகத்தால் பட்டனை அழுத்திப் பாருங்கள், பிறகு கடையில் புது டயரில் அழுத்திப் பாருங்கள். வித்தியாசம் நகத்துக்கே தெரியும். பட்டனுக்கு நடுவில், பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் சொகுசை விடுங்கள், மழையில் பிடிப்பே இருக்காது.

இன்றைக்கே செய்யக்கூடியது காற்று. 38ஐ 33 ஆக்குங்கள். பங்க்கில் பையன் கேட்காமலே 35, 40 என்று ஏற்றிவிடுவான். ஓடி வந்த சூட்டில் பார்த்தால் மூணு நாலு கூடுதலாகத்தான் காட்டும், புனலூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். அதைப் பார்த்துக் காற்றை இறக்காதீர்கள். குளிர்ந்த டயரில் ஸ்டிக்கர் அளவு, அவ்வளவுதான். மெத்தென்று வரட்டும் என்று 28க்கு இறக்கினால் இந்தச் சின்னச் சுவரில் ரிம் நேராகக் கல்லில் உட்காரும். டயர் பக்கவாட்டில் கொழுக்கட்டை மாதிரி வீங்கினால் அந்த டயர் முடிந்தது.

சித்தூர்ப்புழை

நான் பாலக்காட்டுச் சித்தூர். அண்ணாச்சி சொன்ன கணக்கு சரி, ஆனால் அதற்காகக் கம்பெனியின் 14 இன்ச்சுக்கே திரும்பிப் போகத்தான் வேண்டுமா? இந்த வகை வண்டிகளில் மேல் வேரியன்டுக்குக் கம்பெனியே 15 இன்ச்சில் 185/65 கொடுக்கிறது. சுவர் 120 மி.மீ., விட்டம் அதே 621தான். 80 சீரிஸ் டயரை மலையில் வளைத்தால் ஸ்டீயரிங் திருப்பின பிறகு அரை மனதாகத்தான் வண்டி திரும்பும். வாளையாறு ரோட்டில் லாரியை ஓவர்டேக் செய்யும்போதும் அந்தத் தொளதொளப்பு தெரியும். புளியரை எஸ் வளைவில் தினமும் ஏறி இறங்குகிறவருக்கு 15தான் நல்லது என்பேன். அதிலும் டயர் தேர்வு முக்கியம். ஒரே அளவில் வேகத்துக்கான ஸ்போர்ட் ரகம் ஒன்று, சொகுசுக்கான டூரிங் ரகம் ஒன்று வாங்கிப் போட்டால் இரண்டு வேறு வண்டி ஓட்டுகிற மாதிரி இருக்கும். சைஸை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

டயர்கடை_தென்காசி

மறுக்க மாட்டேன். தனி ஆளாக ஓட்டுகிறவர் என்றால் நானும் 15தான் சொல்லியிருப்பேன். இவருக்குப் பின் சீட்டில் டிஸ்க் தேய்ந்த அப்பா இருக்கிறார், ரோடு ஆரியங்காவு ரோடு. அதனால் என் ஓட்டு 14க்கு. இன்னொன்று, குறுகலான டயர் மழைத் தண்ணீரை வெட்டிக்கொண்டு போகும். அகல டயர் தேங்கின தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும். கழுதுருட்டிப் பக்கம் ஜூன் மழையில் ஓட்டினவருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஸ்டீல் ரிம் குழியில் நெளிந்தால் அடித்து நேராக்கலாம். அலாய் வெடிக்கும். வெல்டிங் வைத்த அலாயை நான் யாருக்கும் மாட்டிக் கொடுப்பதில்லை.

அலாய் என்றால் எடை குறைவு என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. வெளி மார்க்கெட்டில் வார்த்து விற்கிற 16 இன்ச் அலாய் பல சமயம் 14 ஸ்டீலைவிடக் கனம். டயரோடு சேர்த்துத் தராசில் வைத்துப் பாருங்கள். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற எடை கூடக் கூட, சக்கரம் குழியிலிருந்து எழுந்து வருவது தாமதமாகும், அடி கூடும். மைலேஜும் கொஞ்சம் கடிக்கும்.

நகரி_நெசவு

நடுவில் ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் புத்தூரில் ஒரு கடையில் நைட்ரஜன் அடித்தால் வண்டி மெத்தென்று ஓடும் என்று சொல்லி ஒவ்வொரு டயருக்கும் காசு வாங்குகிறார்கள். உண்மையா?

கம்பமெட்டு_ஜீப்

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். 33 என்றால் எதை அடித்தாலும் 33தான். காற்று கொஞ்சம் மெதுவாக இறங்கும், ஈரம் இருக்காது, அவ்வளவுதான் லாபம். சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

புளியரை, அந்த 80 உதறலை யாரும் தொடவில்லையே. வெளி அலாயில் நடு ஓட்டை எல்லா வண்டிக்கும் பொருந்தட்டும் என்று பெரிதாக விட்டிருப்பார்கள். வீல் மாட்டுகிற நடுப்பகுதியான ஹப்புக்கும் அதற்கும் நடுவில் பிளாஸ்டிக் வளையம் ஒன்று இருக்க வேண்டும். அது இல்லையென்றால் வீல் நட்டு பிடிக்கிற இடத்தில்தான் உட்காரும், சரியாக மையத்தில் உட்காராமல் போகலாம். ரிம்மின் உள் விளிம்பும் நெளிந்திருக்கலாம், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டு உள் பக்கத்தைப் பாருங்கள்.

புளியரை_வளைவு

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

33க்கு இறக்கினதில் வித்தியாசம் இருக்கிறது. அடியின் கூர்மை மழுங்கியிருக்கிறது, அடி போகவில்லை. பாலத்துப் பட்டையில் இன்னும் தெரிகிறது. ஷாக்கில் கசிவு இல்லை. பம்பர் மூலையை அழுத்தி விட்டால் ஒரே முறை எழுந்து நின்றுவிடுகிறது.

ஊரிலேயே ஒரு கடையில் பேலன்சிங் போட்டோம். முன் இடது வீலை மெஷினில் சுற்றினார்கள். வெளிப்பக்கம் அசையாமல் சுற்றுகிறது. உள் விளிம்பில் ஒரு இடம் மட்டும் சுற்றுக்கு ஒரு முறை உள்ளே போய் வெளியே வருகிறது. கடைக்காரர் அங்கே சாக்பீஸைப் பிடித்தார், விரல் நீளத்துக்கு மட்டும் கோடு விழுந்தது. அதைச் சரிக்கட்ட முன்பு யாரோ வரிசையாக ஈயம் ஒட்டியிருக்கிறார்கள், ஏழெட்டுத் துண்டு. நாலு வீலிலும் நடு வளையம் இல்லை. சிறு குழியில் முன்பக்கம் "கடகட" என்று ஒரு சத்தமும் வரும், முதலில் எழுத விட்டுப்போனது. அது சஸ்பென்ஷனில் இருக்கிற லிங்க் ராடாம். சின்னச் செலவுதான், மாற்றியாகிவிட்டது.

அப்பாவிடம் 14, 15 விவாதத்தைச் சொன்னேன். "அழகு பாக்க வண்டிய வீட்டுல நிறுத்து, ஓட்ட வேற சக்கரம் போடு" என்றார். 14 என்று முடிவாகிவிட்டது. ஸ்டீல் ரிம் புதிதாக வாங்கத்தான் வேண்டுமா? ஸ்டெப்னி டயரை ஓட விடலாமா? இந்த அலாய் செட்டை என்ன செய்வது?

டயர்கடை_தென்காசி

ரிம் புதிதாக வேண்டாம். புது வண்டி எடுத்த கையோடு அலாய் போடுகிறவர்கள் கம்பெனி ஸ்டீலைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். எந்தப் பெரிய டயர் கடையிலும் ஒரு மூலையில் அடுக்கி வைத்திருப்பார்கள். நாலு ஓட்டை, 100 பி.சி.டி. (நட்டு ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், மி.மீ.இல்), உங்கள் மாடலுக்கு வந்த ரிம்தானா என்று கேட்டு, மெஷினில் சுற்றவிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்டெப்னி டயர் ஓடாவிட்டாலும் வயது அதற்கும் ஓடியிருக்கும். அதன் நாலு எண்ணையும் பாருங்கள். 2018 என்றால் அது ஸ்டெப்னியாகவே கிடக்கட்டும், நாலும் புதிதாகப் போடுங்கள். புது டயரிலும் தேதி பார்த்து வாங்குங்கள். 85டி போதும் (டி என்பது வேகக் குறி), ரோட்டுச் சத்தம் குறைவான டூரிங் ரகமாகக் கேளுங்கள்.

அலாயை விற்கும்போது நெளிந்த வீலைத் தனியாகக் காட்டி, சொல்லி விற்றுவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் உதறல் இன்னொருவர் வண்டிக்குப் போகும்.

சித்தூர்ப்புழை

அப்பாவை முன் சீட்டில் உட்காரச் சொல்லிப் பாருங்கள். பின் சீட் பின் சக்கரத்தை ஒட்டி இருக்கிறது, கட்டர், அதாவது ரோட்டுக் குழி, ஒவ்வொன்றும் அங்கேதான் அதிகம் தெரியும். டயர் வரும் வரைக்காவது.

புளியரை_வளைவு

அப்பாவுக்கு முன் சீட்டு வேண்டாமாம், அம்மா தனியாகப் பின்னால் உட்கார மாட்டாராம். அது வேறு வழக்கு. ரிம் கிடைத்துவிட்டது அண்ணாச்சி, டயருக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறேன். மாட்டும்போது வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

டயர்கடை_தென்காசி

நட்டைப் பாருங்கள். வெளி அலாய் போடும்போது அதற்கென்று மெல்லிய நட்டு மாற்றியிருப்பார்கள். அது ஸ்டீல் ரிம்மின் குழியில் சரியாக உட்காராமல் போகலாம். கம்பெனி நட்டு 16 வாங்கிவிடுங்கள். நட்டு முறுக்குகிற கன்னில் அடித்ததோடு நிறுத்தாமல், அளவு பார்த்து முறுக்குகிற டார்க் ரெஞ்சில் முடிக்கச் சொல்லுங்கள். 100 கிலோமீட்டர் ஓடின பிறகு ஒரு முறை திரும்ப முறுக்கிப் பார்க்க வேண்டும். அலைன்மென்ட் மாட்டின அன்றைக்கே. புது டயரின் மேல் வழவழப்பு போகும் வரை மழையில் கோட்டைவாசல் இறக்கத்தைக் கொஞ்சம் நிதானமாக இறங்குங்கள். மாட்டினதும் காற்று 33தானா என்று நீங்களே கேஜ் வைத்துப் பாருங்கள், எங்கள் கடைப் பையன்களையும் நம்ப வேண்டாம்.