மறு: ஓட்டத் தொலைவா, வெருள் தொலைவா?

வணக்கம். பாதையில் போகும் மனிதர்களைக் கண்டு விலங்குகள் விலகுவதை அளக்கும் ஆய்வுகளின் கலைச்சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில், இரண்டு பரிந்துரைகளுக்கு என் பதில்.

> பாதையில் ஆள் வரும்போது விலங்கு ஓடத் தொடங்கும் தூரத்துக்கு ‘ஓட்டத் தொலைவு’ என்று வைத்தால் என்ன?

வேண்டாம் என்பேன். அளக்கிற தூரம் ஒன்றல்ல, மூன்று. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஆன்டலோப் தீவில் ஆட்ரி டெய்லரும் ரிச்சர்ட் நைட்டும் செய்த ஆய்வை (2003) பாருங்கள். நடந்து போகிறவர்களையும் மலை சைக்கிள்காரர்களையும் கண்டு பைசன் (அமெரிக்காவின் பெரிய காட்டு மாட்டினம்; நம்மூர்க் காட்டுமாடு இல்லை), மியூல் மான், ப்ராங்ஹார்ன் (மான் போன்ற விலங்கு) மூன்றும் என்ன செய்கின்றன என்று கவனித்தார்கள். மேய்கிற மான் தலையைத் தூக்கிப் பார்க்கும்போது ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? நின்ற இடத்தை விட்டுக் கிளம்பும்போது? கிளம்பியது எவ்வளவு தள்ளிப் போய் நின்றது? ‘ஓட்டத் தொலைவு’ என்றால் யாரும் கடைசியைத்தான் நினைப்பார்கள். நமக்கு வேண்டியது நடுவில் உள்ளது.

> எங்கட ஊரில் வயலில் நிற்கிறது வெருளி. ‘வெருள் தொலைவு’ நல்லாத்தானே இருக்கு?

சொல் அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விலங்கு பயந்ததா, சலித்துப்போய் விலகியதா என்று தொலைநோக்கியில் தெரியாது. தெரிவது அது கிளம்பியது மட்டும். வேட்டைக்காரர் முயலைக் ‘கிளப்பினார்’ என்கிறோமே, அதே வினை. பறவைக்கும் பொருந்தும், ஓடாமல் நடந்தே விலகும் பைசனுக்கும் பொருந்தும். ஆகவே என் பரிந்துரை: நிமிர் தொலைவு, கிளம்பு தொலைவு, விலகிய தொலைவு.

அந்த ஆய்வின் முடிவுகளை வைத்து வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். ‘பாதையிலிருந்து 100 மீட்டருக்குள் நிற்கும் விலங்கு, பாதையில் போகிறவரைக் கண்டு கிளம்பும் வாய்ப்பு 70%. பாதையை விட்டிறங்கி வருபவர் 100 மீட்டருக்குள் இருந்தால் மியூல் மான் கிளம்பும் வாய்ப்பு 96%. அது 70 சதவீதமாகக் குறைய 390 மீட்டர் விலகியிருக்க வேண்டும்.’ இடறாமல் ஓடுகிறது. சைக்கிளுக்கும் நடைக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்பது உபரிச் செய்தி. அந்த வாக்கியத்தையும் எழுதிப் பார்க்கலாம்.

இந்தச் சொற்கள் அறிவிப்புப் பலகை வரைக்கும் போகவேண்டியவை. ஆன்டலோப் தீவுக்கு வந்த பார்வையாளர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தங்களால் விலங்குகளுக்குத் தொல்லை இல்லை என்றே சொல்லியிருக்கிறார்கள். நெருங்கலாம் என்று அவர்கள் நினைத்த தூரமோ, விலங்குகள் இடங்கொடுத்ததைவிடக் குறைவு. அவர்களுக்குப் பண்டிதச் சொல் உதவாது.

அப்புறம், ஆள் நடமாட்டத்தால் விலங்குகள் ஒதுங்கிப்போகக்கூடிய பகுதிக்கு ‘தாக்க வளையம்’ என்பது பற்றி. பாதையை ஒட்டி 200 மீட்டர் என்று அந்த ஆய்வில் கணக்கிட்டதில் தீவின் 7% விலங்குகளுக்கு ஆகாத இடமாகலாம் என்று வந்தது. பாதையை ஒட்டி நீளமாகக் கிடப்பது எப்படி வளையமாகும்? ‘தாக்கப் பட்டை’ எனலாம். ‘டிரெய்ல்’ (trail) என்பதற்குத் ‘தடம்’ என்று மட்டும் வேண்டாமே. காட்டில் தடம் என்றால் விலங்கின் காலடி. ‘நடைபாதை’ என்றால் கடைகள் கண்முன் வருகின்றன. வெறும் ‘பாதை’ போதும் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து இருந்தால் இதே இழையில் எழுதுங்கள்.