தேக்குப் பெட்டி: மூடி வளையாமலும் அடிப்பலகை பிளக்காமலும் பொருத்துவது எப்படி?

இழைப்புளி:
900 × 450 × 450 மி.மீ. அளவில் துணி வைக்கும் தேக்குப் பெட்டி. பலகைக் கனம் 20 மி.மீ. நான்கு மூலையிலும் டவ்டெயில் (புறா வால் வடிவில் வெட்டிக் கோக்கும் பிணைப்பு) போடுவதாக முடிவு. அடிப்பலகையைப் பசையிட்டு ஆணி அடிக்கலாமா, காடியில் (பலகையில் நீளமாக வெட்டிய பள்ளம்) விடலாமா? மூடி மூன்று பலகை ஒட்டியது. அது வளையாமல் இருக்க என்ன வழி?

உளிமுனை:
ஆணியும் பசையும் சேர்ந்தால் அடிப்பலகை பிளக்கும். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசைவதில்லை, அகலவாக்கில்தான் அசையும். பட்டைவாக்கில் அறுத்த தேக்கில் ஈரம் 4 சதவீதம் மாறினால் 450 மி.மீ. அகலம் 3 மி.மீ.க்கு மேல் கூடும், குறையும். பக்கப் பலகைகளில் ரேகை (மரத்தின் நார் ஓட்டம்) நான்கு புறமும் படுக்கையாகச் சுற்றி ஓடினால் உயரம் ஒன்றாகவே ஏறி இறங்கும், மூலைக்குச் சேதமில்லை. அடிக்கு அந்த வசதி கிடையாது.

அதனால் அடிக்கு 12 மி.மீ. பலகைகளை முன்னிருந்து பின்னாக, குறுகிய பக்கவாக்கில் அடுக்குங்கள். பலகைக்குப் பலகை நாக்கும் (காடிக்குள் நுழையும் மெல்லிய விளிம்பு) காடியும், நடுவே 1 மி.மீ. இடைவெளி. ஓரத்தை 6 மி.மீ. நாக்காகச் சீவி, 7 மி.மீ. ஆழக் காடியில் பசையில்லாமல் விடுங்கள்.

கைப்பிடி குறுக்குப் பலகையில் (450 மி.மீ. பக்கம்) வருவதால் டவ்டெயிலின் வால்களை, அதாவது முனை விரிந்த பற்களை, நீளப் பலகையில் வெட்டுங்கள். தூக்கும்போது குறுக்குப் பலகை வெளியே இழுபடும், வால்தான் அதைப் பிடிக்கும். வாலின் பக்கச் சாய்வு 1:8 போதும். அதைவிடச் சாய்த்தால் வாலின் முனை உதிரும்.

காடி அடிவரிசை வாலின் நேரே வரட்டும். குறுக்குப் பலகையில் கடைசிவரை ஓட்டலாம், வால் அந்தக் குழியை அடைத்துவிடும். நீளப் பலகையில் மட்டும் முனைக்கு 12 மி.மீ. முன்பே நிறுத்துங்கள். ஓட்டிவிட்டால் வெளிமுகத்தில் சதுர ஓட்டை தெரியும்.

வைரமரம்:
மேலே சொன்னது சரி. தேக்கில் இரண்டு தொல்லை கூடுதல். மரத்திலுள்ள மணல்சத்து உளிமுனையைச் சீக்கிரம் மழுக்கும். மழுங்கிய உளி, வால் உட்காரும் குழியின் அடிக்கோட்டில் நாரைப் பிய்க்கும். இரு முகத்திலிருந்தும் பாதிவரை மட்டும் கொத்துங்கள். அடுத்தது எண்ணெய்ப்பசை. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்து, உலர்ந்ததும் ஒட்டுங்கள். முந்தைய நாளே துடைத்துவிட்டால் எண்ணெய் திரும்பக் கசிந்திருக்கும். இத்தனை வால்களுக்கும் சீக்கிரம் இறுகும் பசை ஆகாது, பாதி ஏறும்போதே பிடித்துக்கொள்ளும். பசையில்லாமல் கோத்துப் பார்க்கும் உலர் ஒட்டத்தை முழுக்க இறக்காமல், பாதியளவு இறக்கிப் பார்த்து நிறுத்துங்கள். பலமுறை இறக்கி எடுத்தால் இறுக்கம் போய்விடும்.

மூடிக்கு முனைகளில் குறுக்குச் சட்டம் மாட்டுவது அழகுதான், ஆனால் பருவம் மாறும்போது ஓரம் முன்னும் பின்னுமாகத் துருத்தும். மூடியின் அடியில் குறுக்காக இரண்டு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) போதும் என்பது என் கருத்து. மூடி அசைய இடம் கிடைக்க, ரீப்பரின் நடுத் துளை வட்டமாக, மற்றவை 8 மி.மீ. நீள்துளையாக. அவற்றில் 4 மி.மீ. திருகு, வாஷரோடு. பசை வேண்டவே வேண்டாம். ரீப்பர் முன்பலகையில் இடிக்காதபடி 5 மி.மீ. குறைத்து வெட்டுங்கள். மூடிக்கு மேலே எத்தனை பூச்சோ, அடியிலும் அத்தனை பூசுங்கள். ஒருபக்கம் மட்டும் பூசினால் பூசாத பக்கம் ஈரத்தை வேகமாக இழுத்து மூடி வளையும்.

இழைப்புளி:
உள்ளே லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் பூசலாமா?

உளிமுனை:
துணிப் பெட்டிக்கு வேண்டாம். மூடிய இடத்தில் அந்த வாசனை மாதக்கணக்கில் போகாது, துணியிலும் ஏறும். அரக்குப் பூச்சு இரண்டு கை மெல்லியதாக அடியுங்கள், அதோடு அடிப்பலகையின் நாக்கையும் மாட்டுவதற்கு முன்பே பூசி உலரவிடுங்கள். மாட்டிய பிறகு தூரிகை அங்கே போகாது, மரம் சுருங்கினால் பூசாத கோடு பளிச்சென்று தெரியும்.