அரண்மனைச் சித்திரங்களை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பாறசாலை வாசகர்:
பத்மநாபபுரத்துச் சுவரோவியங்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டீர்கள். நான் சொல்ல வந்தது திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆர்ட் கேலரியில் நடந்தது. ரவிவர்மாவுக்கு 2023இல் தனிக்கூடம் திறப்பதற்கு முந்தைய கதை. கூட்டமெல்லாம் ரவிவர்மா படங்களின் முன்னால். முகலாய, ராஜபுத்திரச் சிற்றோவியங்கள் இருந்த பக்கம் ஒரே ஒரு பெரியவர், பூதக்கண்ணாடியும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். என் மகளைக் கண்டதும் கண்ணாடியை அவளிடம் கொடுத்து, ராணியின் காதோரத்தைப் பார்க்கச் சொன்னார். நானும் வாங்கிப் பார்த்தேன். காதோர முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தது! அணில் வால்முடியில் கட்டிய தூரிகையின் வேலை. "சுவரில் மாட்டுவதற்கு வரைந்தது அல்ல மோளே இது, மடியில் வைத்துப் பார்க்க வரைந்தது" என்றார். உண்மைதானே? ஏடாகத் தொகுத்து, அரசர்கள் கையில் எடுத்துப் புரட்டிய படங்கள் அவை. அதற்குப் பிறகு எந்த மியூசியத்துக்குப் போனாலும், சட்டத்துக்குள் உயரத்தில் தொங்கும் சிற்றோவியத்தைக் கண்டால் மனம் ஆறுவதில்லை.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை:
உயரமாவது பரவாயில்லை, வெளிச்சம்? வடக்கே தம்பி வீட்டுக்குப் போனபோது அம்மாவைப் பஹாரி ஓவியக் (இமயமலைச் சிற்றரசுகளின் சிற்றோவியம்) கண்காட்சி ஒன்றுக்கு அழைத்துப் போயிருந்தேன். கண்புரை அறுவை செய்துகொண்டவர். உள்ளே ஒரே இருட்டு. நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை என்று, பஹாரியில் ஒரு வகையான பசோலி ஓவியம் ஒன்றின் முன்னால் அம்மா முட்டி மடக்கிக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "ஏண்டி, இது பொன்வண்டு இறக்கை!" நானும் குனிந்தேன். நாயகியின் கழுத்து மாலையில் மரகதம் இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் பச்சை பளீரென்று மின்னியது. பசோலி ஓவியர்கள் வண்டின் பளபளக்கும் இறக்கை ஓடுகளை நறுக்கி ஒட்டியிருக்கிறார்கள். தீப்பெட்டியில் பொன்வண்டு வளர்த்த பிள்ளைப்பருவம் அம்மாவுக்கு உண்டு; அறிவிப்புப் பலகையைப் படிக்க அவருக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. காவலர் வந்து, "கண்ணாடிமேல் சாயாதீர்கள்" என்று எங்களை நகர்த்திவிட்டார். வயதானவர்கள் பார்க்கவேண்டாமா?

தக்கலை:
ஆசிரியை அவர்களே, இருட்டைக் குறை சொல்லாதீர்கள். காகித ஓவியத்துக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குமேல் வெளிச்சம் காட்டக்கூடாது என்பது உலகெங்கும் அருங்காட்சியகங்கள் கைக்கொள்ளும் வழக்கம். செடிகொடியிலிருந்து எடுத்த சாயம் வெளுத்தால் வெளுத்ததுதான், மீளாது. உள்ளே போனதும் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள், கண் பழகிவிடும். சிறிய லென்ஸ் ஒன்று பையில் இருக்கட்டும். பிளாஷ் வேண்டவே வேண்டாம். நேராக நின்று பார்த்த படத்தைப் பக்கவாட்டிலிருந்தும் ஒருமுறை பாருங்கள். தேய்த்து மெருகேற்றிய தங்கம் அப்போதுதான் எழும்பும். பத்மநாபபுரத்துக்கும் ஸ்ரீசித்ராவுக்கும் திங்கட்கிழமை விடுமுறை, வண்டி பிடிக்குமுன் நினைவிருக்கட்டும். காலையில் முதல் ஆளாகப் போங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூட்டம் சேர்வதற்குள் பார்த்துவிடலாம். நானும் ஒருமுறை தங்கச் சரிகைக்காக ஒரு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றிருக்கிறேன்.

செங்கோட்டை:
லென்ஸ், லக்ஸ் எல்லாம் இருக்கட்டும். 1956 வரை எங்கள் ஊரும் ரவிவர்மாவின் திருவிதாங்கூர்ப் பக்கம்தான். அந்த உரிமையில் கேட்கிறேன். ஒரு கண்காட்சியில் ரவிவர்மாவின் வரலாற்றைப் பெரிய பலகையில் எழுதியிருந்தார்கள். 1868இல் திருவிதாங்கூருக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் அதில் இருக்கிறார். மதுரையிலிருந்து வந்து திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவையில் ஓவியராக இருந்த அழகிரி நாயுடுவைக் காணோம். ரவிவர்மாவுக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் தாய்மாமன் ராஜராஜ வர்மா. அந்த மாமனுக்கே குரு அழகிரி நாயுடு! பலகையை மேலிருந்து கீழாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். வெளியே வந்த பிறகும் நெஞ்சு கொதித்துக்கொண்டே இருந்தது. அவர் கையால் வரைந்த படம் எங்கேயாவது பார்வைக்கு இருக்கிறதா? பார்த்தவர்கள் இடத்தைச் சொல்லுங்கள், அடுத்த பஸ்ஸில் கிளம்புகிறேன்.