பிளட்லைன்ஸ் ஆட்டத்தில் மால்கேவியன் குலத்தை எடுக்கலாமா?

மதுரைக் குழு நண்பர்களுக்கு வணக்கம். 2004-இல் வந்த 'வாம்பயர்: தி மாஸ்க்வரேட் – பிளட்லைன்ஸ்' கணினி ஆட்டத்தை (ரத்தக்காட்டேரிக் குலம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆடுவது) விளையாடியவர்கள் இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள். ரசிகர்கள் உருவாக்கிய பேட்ச் (பிழைத்திருத்தம்) போட்டபின் என் கணினியில் நன்றாகவே ஓடுகிறது.

இப்போது டோரியடோர் குலத்தை எடுத்து, ஆட்டத்தின் முதல் பகுதியான சாண்டா மோனிகாவை முடித்திருக்கிறேன். பேச்சிலேயே பாதி வேலை நடக்கிறது, சண்டைக்கு வேகமும் இருக்கிறது. ஆனாலும் மனசு பித்துப் பிடித்தவர்களின் குலமான மால்கேவியன் பக்கமே போகிறது. அந்தக் குலத்துக்கு உரையாடல் வரிகளே தனி. சித்தர் பாட்டு மாதிரி, முதலில் பிதற்றலாகத் தெரியும். பின்னால் நடக்கப்போவதற்கான குறிப்பு அதற்குள் ஒளிந்திருக்கும். கதைக்காக விளையாடுகிற எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

திருமங்கலத்தில் இருக்கும் அத்தை மகன் கோரமுகக் குலமான நோஸ்ஃபெரட்டுதான் சிறந்தது என்கிறான். அந்த முகத்தை மனிதர்கள் பார்த்தாலே ரத்தக்காட்டேரிகள் காக்க வேண்டிய ரகசியத்தை மீறியதாகிவிடும், ஐந்து மீறல் ஆனால் ஆட்டம் முடிந்தது. சாக்கடை வழியாகவே ஊர் சுற்ற எனக்குப் பொறுமை இல்லை.

என் கவலை கடைசிப் பகுதிதான். அங்கே சண்டையைத் தவிர்க்கவே முடியாது. பேச்சிலும் பதுங்கலிலும் புள்ளிகளைப் போட்ட மால்கேவியன் அங்கே தாங்குமா? துப்பாக்கியை வளர்ப்பதா, கத்தி வாளா? எதிரியின் மனதைக் குலைக்கும் மால்கேவியனின் டிமென்டேஷன் சக்தி பெரிய எதிரிகளிடம் எடுபடுமா?

முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள். கே.கே. நகர் பக்கம் இருப்பவர்கள் நேரில் காட்டித் தருவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன்.