வங்கிக் கிளையில் புதிதாக ஆதார் எடுக்க முடியுமா? மாமியாருக்கு 68 வயது

கடையத்து மருமகள்:

வணக்கம். என் மாமியாருக்கு இதுவரை ஆதார் கிடையாது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்ட சமயம் அவர்கள் மூத்த மகன் வீட்டில், பம்பாயில் இருந்தார்கள். அப்புறம் ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் போதும் என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. சின்ன வயதிலிருந்து பீடி சுற்றியவர்கள். கண் மங்கிய பிறகுதான் தட்டை இறக்கி வைத்தார்கள். இப்போது பி.எஃப். பணம் வாங்கப் போனால், ஆதார் இல்லாமல் காகிதம் நகராது என்று பீடிக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

பக்கத்து டவுனில் ஒரு வங்கிக் கிளையில் ‘ஆதார் பதிவு மையம்’ என்று போர்டு இருக்கிறது. ஆட்டோ வைத்துக் கூட்டிப் போனோம். முதலில், இங்கே கணக்கு இருக்கிறதா என்றார் ஆதார் கவுன்ட்டரில் இருந்த பையன். இல்லை என்றதும், பெரியவர்களுக்குப் புதுப் பதிவு இங்கே கிடையாது, திருத்தம் மட்டும்தான் என்றார். காரணம் கேட்டால் பதில் இல்லை. வாசலில் நின்ற செக்யூரிட்டி அண்ணன்தான் இரக்கப்பட்டு, தாலுகா ஆபீஸில் கேட்டுப் பாருங்கள் என்றார்.

வங்கி இப்படித் திருப்பி அனுப்பலாமா? இன்னொரு பயமும் இருக்கிறது. அத்தைக்குக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ரேகையே தெரியவில்லை, வழுவழு என்று இருக்கிறது. மிஷின் எடுக்குமா?

ரிட்டயர்டு கேஷியர்:

நான் பொதுத்துறை வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். கடைசியாக வேலை பார்த்த கிளையில் ஆதார் கவுன்ட்டர் என் மேஜைக்கு எதிரேதான் இருந்தது. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

கணக்கு இருக்கிறதா என்று கேட்டது தப்பு. ஆதார் பதிவுக்கும் அந்தக் கிளையில் கணக்கு வைத்திருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. யாரும் போகலாம். புதுப் பதிவுக்குக் காசும் கிடையாது. விவரத் திருத்தத்துக்கு 75 ரூபாய், கைரேகை, கருவிழி புதுப்பிக்க 125 ரூபாய். இது 2025 அக்டோபரில் இருந்து வந்த கட்டணம், அதற்கு முன் 50, 100 ஆக இருந்தது.

ஆனால் பெரியவர்களுக்குப் புதுப் பதிவு இங்கே இல்லை என்றது அந்தப் பையன் இட்டுக்கட்டியது அல்ல. 18 வயது தாண்டியவர்களுக்கு முதல்முறை ஆதார் எடுப்பதை இப்போது எல்லா மையத்திலும் செய்வதில்லை. மாநிலத்தில் குறிப்பிட்ட சில மையங்களில் மட்டும்தான். விண்ணப்பமும் நேராக எண்ணாக மாறிவிடாது. மாநில அரசின் சரிபார்ப்புக்குப் போய்த்தான் வரும். அதற்கு 180 நாள் வரை ஆகலாம். இந்த வயதில் புதிதாக வருகிறவர் நிஜமாகவே இங்கே குடியிருப்பவர்தானா என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. வருவாய்த் துறையிலிருந்து விசாரிக்க ஆள் வந்தாலும் பதற வேண்டாம். இதையெல்லாம் அந்தப் பையன் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். அங்கேதான் எனக்கு வருத்தம்.

வங்கிக்குள் இந்த கவுன்ட்டர் எப்படி வந்தது என்பதும் பலருக்குத் தெரியாது. 2017 ஜூலையில், பத்துக் கிளைக்கு ஒரு கிளையிலாவது ஆதார் மையம் வைக்க வேண்டும் என்று எல்லா வங்கிகளுக்கும் ஆதார் வழங்கும் ஆணையம் உத்தரவு போட்டது. அப்போது வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைத்தே ஆக வேண்டும் என்ற விதி இருந்ததால் கூட்டம் வாசலைத் தாண்டி நிற்கும். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டாயத்தை ரத்து செய்தது. அப்புறம் வங்கிகளுக்கு இதில் அக்கறை குறைந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். வங்கியின் பார்வையில் இது மாமியார் வீட்டுச் சீர் மாதிரி, வாங்கியாயிற்று, எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆபரேட்டர் பெரும்பாலும் ஒருவர்தான். அவர் தேர்வு எழுதிச் சான்று பெற்றவர். தன் ரேகையை வைத்துத்தான் மென்பொருளுக்குள் போக முடியும். அவர் லீவு போட்டால் மேனேஜரே உட்கார்ந்தாலும் வேலை நடக்காது.

குழந்தைக்கு எடுக்க, முகவரி மாற்ற, போன் நம்பர் சேர்க்க என்றால் வங்கி கவுன்ட்டர் நல்ல இடம். கூட்டம் குறைவு, உட்கார நாற்காலி உண்டு. உங்கள் விஷயத்துக்கு தாலுகா அலுவலகத்தில் இருக்கும் மையம்தான் தோது. கிளம்பும் முன் 1947 என்ற இலவச எண்ணுக்குப் போன் போட்டு, 18 வயதுக்கு மேல் புதுப் பதிவு எந்த மையத்தில் என்று கேளுங்கள். தமிழிலேயே பேசுவார்கள். வயசாளியை வைத்துக்கொண்டு ஆட்டோவில் அலைய வேண்டாம்.

முக்கூடல் வாசி:

விரல் ரேகை பற்றி. எங்கள் அம்மாவும் பீடிதான். முதல்நாள் ராத்திரி தேங்காய் எண்ணெய் போட்டு ஊற வைக்கலாம், ஆனால் காலையில் சோப்புப் போட்டுச் சுத்தமாகக் கழுவிவிடுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் கண்ணாடி மேல் ரேகை விழாது. மிஷினில் வைக்கும் முன் ஈரத்துணியால் லேசாகத் துடைத்தால் போதும், காய்ந்த விரலைவிட நன்றாக எடுக்கும். அப்படியும் வராவிட்டால் வந்தவரைக்கும் எடுத்துக்கொள்வார்கள், கருவிழி இருக்கிறதே.

ரிட்டயர்டு கேஷியர்:

முக்கூடல் தம்பி சொல்வது சரி. கூடுதலாக ஒன்று. விரல் இல்லாத ஒரு கேரளப் பெண்ணுக்கு ஆதார் மறுக்கப்பட்ட விவகாரம் 2023 டிசம்பரில் பெரிதாகப் பேசப்பட்டது. அப்போதே மத்திய அரசு தெளிவாகச் சொல்லிவிட்டது: ரேகை எடுக்க முடியாவிட்டால் கருவிழியை மட்டும் வைத்துப் பதியலாம், இரண்டும் முடியாவிட்டாலும் பதிய வேண்டும். ‘ரேகை விழவில்லை, போய்ட்டு வாங்க’ என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கடையத்து மருமகள்:

ரொம்ப நன்றி சார், நன்றி தம்பி. ஒரு சந்தேகம் மட்டும். பீடிக் கம்பெனி பாஸ்புக்கில் அத்தை பெயருக்கு முன்னால் அவர்கள் அப்பா இனிஷியல். வாக்காளர் அட்டையிலும் ரேஷன் கார்டிலும் மாமா பெயர் இனிஷியல். ஆதாரில் எதைப் போடுவது?

ரிட்டயர்டு கேஷியர்:

நம் ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்கு இந்தத் தலைவலி உண்டு. எந்த அடையாளச் சான்றைக் காட்டுகிறீர்களோ அதில் உள்ளபடிதான் ஆதாரில் பெயர் ஏறும். வாக்காளர் அட்டை பெயருக்கும் முகவரிக்கும் சேர்த்தே சான்றாகும், ஆகவே அதன்படியே எடுங்கள், அசலைக் கொண்டு போங்கள். பி.எஃப். பக்கத்தில் பெயரைத் திருத்த ஜாயின்ட் டிக்ளரேஷன் என்று ஒரு படிவம் இருக்கிறது, உங்கள் அத்தையும் கம்பெனியும் சேர்ந்து கொடுப்பது. ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறை. அதனால் பி.எஃப். பதிவில் என்ன பிறந்த தேதி இருக்கிறது என்று முதலில் கம்பெனியில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பதிவு செய்யும்போது உங்கள் பக்கம் திருப்பி வைத்த திரையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கூச்சப்படாமல் கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். ஒப்புகைச் சீட்டில் 14 இலக்கப் பதிவு எண்ணும் பக்கத்தில் தேதி, நேரமும் இருக்கும். நிலவரம் பார்க்க இரண்டும் வேண்டும். அச்சு நாளடைவில் மங்கிவிடும், அன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள்.

இதற்கிடையில் முதியோர் உதவித்தொகை மாதிரி ஏதாவது கேட்கப் போனால், ஆதார் வந்த பிறகு வா என்று விரட்ட முடியாது. எண் கிடைக்காதவருக்கு வேறு அடையாளத்தை ஏற்க வேண்டும் என்று 2016 ஆதார் சட்டத்தின் 7ஆம் பிரிவே சொல்கிறது. பதிவுச் சீட்டையும் வாக்காளர் அட்டையையும் காட்டுங்கள்.

முக்கூடல் வாசி:

அக்கா, தாலுகா ஆபீஸுக்குக் காலையிலேயே போய் டோக்கன் வாங்கிவிடுங்கள். நீங்கள் முதலில் போய் டோக்கன் போட்டுவிட்டு, நேரம் நெருங்கும்போது அத்தையை வரச் சொல்லலாமா என்று அங்கேயே கேட்டுப் பாருங்கள். எங்கள் பக்கம் விடுகிறார்கள்.