இரட்டை கிராபிக்ஸ் கார்டு சோதனை: குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

தம்பி: அக்கா, ஒரே மாடல் கிராபிக்ஸ் கார்டுகள் இரண்டையும் எஸ்எல்ஐ முறையில் (இரண்டும் சேர்ந்து ஒரே கேமை வரையும் முறை) இணைத்துவிட்டேன். ஒற்றைக் கார்டில் சராசரியாக 38 எஃப்பிஎஸ் (விநாடிக்கு இத்தனை ஃபிரேம்கள், அதாவது படங்கள்) கொடுத்த கேம் இப்போது 60 கொடுக்கிறது. ஆனாலும் கேமராவை வேகமாகத் திருப்பினால் காட்சி தடுமாறுகிறது.

அக்கா: சராசரியை வைத்து அதைப் பிடிக்க முடியாது, தம்பி. இரண்டு கார்டுகளும் ஃபிரேம்களை மாறி மாறி வரைகின்றன. ஒரு ஃபிரேம் 8 மில்லிவிநாடியிலும் அடுத்தது 25 மில்லிவிநாடியிலும் வந்து விழுந்தால் சராசரி 60 என்றே காட்டும். கண்ணுக்கோ 40 அளவில்தான் ஓடுவதாகத் தெரியும். மைக்ரோ ஸ்டட்டர் என்பது இதுதான். ஃபிரேம்டைமை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஆகும் நேரத்தை, பதிவு செய்து வரைபடத்தை அனுப்பு.

தம்பி: அனுப்பியிருக்கிறேன். 9, 24, 8, 25 என்று கோடு ரம்பப் பல்லைப் போல ஏறி இறங்குகிறது.

சித்தப்பா: கார்டுக்கு 8 ஜிபி வீதம் இப்போது 16 ஜிபி நினைவகம் கிடைத்திருக்குமே, அம்மா?

அக்கா: கிடைக்காது, சித்தப்பா. இரண்டு கார்டுகளும் ஒரே காட்சியை வரைய வேண்டியிருப்பதால், டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) உட்பட எல்லாமே இரண்டிலும் தனித்தனியாக ஏற்றப்படுகின்றன. ஆகவே கேமுக்குப் பயன்படுவது 8 ஜிபிதான்.

சித்தப்பா: புதிய கேம்களில் இரண்டாவது கார்டு சும்மாவே இருக்கிறது என்று இவன் சொன்னானே?

அக்கா: உண்மைதான். இன்றைய கேம்கள் விளிம்புகளை மென்மையாக்க முந்தைய ஃபிரேமின் தரவைக் கேட்கின்றன; அந்த ஃபிரேம் மற்றொரு கார்டில் இருப்பதால், அதைப் பெறும்வரை காத்திருப்பதிலேயே ஆதாயம் கரைந்துவிடுகிறது. கார்டு நிறுவனமான என்விடியாவும் 2021 ஜனவரி 1 முதல் புதிய எஸ்எல்ஐ புரொஃபைல்கள் (ஒவ்வொரு கேமுக்கும் இரட்டைக் கார்டை இயக்கும் டிரைவர் அமைப்புகள்) சேர்ப்பதை நிறுத்திவிட்டது. மைக்ரோசாஃப்ட்டின் கிராபிக்ஸ் மென்பொருள் தளமான டைரக்ட்எக்ஸ் 12-இல் கேமை உருவாக்குபவர்களே இரண்டு கார்டுகளுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம் என்றாலும், அந்தச் சிரமத்தை ஏற்றவர்கள் மிகச் சிலரே. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு; 1998-இல் வூடூ2 கார்டுகளை இரண்டாகப் போட்ட காலத்திலிருந்து வளர்ந்து வந்த நல்ல உத்தி இது.

தம்பி: அடுத்து எதைச் சோதிக்கட்டும்?

அக்கா: 1080பி போன்ற குறைந்த தெளிவுத்திறனில் சோதிக்காதே, அங்கே சிபியுவே தடையாகி, இரண்டாவது கார்டின் பலனை மறைத்துவிடும். 4கே-யில், ஒரே காட்சியை ஒற்றைக் கார்டிலும் இரட்டைக் கார்டிலும் ஓட்டி, 1% லோ அளவை (மிக மெதுவான 1% ஃபிரேம்களின் எஃப்பிஎஸ்) ஒப்பிடு. மேல் கார்டின் வெப்பத்தையும் கவனி. கீழ் கார்டு காற்றை மறைப்பதால் அது சூடேறித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிறகு விநாடிக்கு 50 ஃபிரேமைத் தாண்டாதபடி ஃபிரேம் வரம்பை வைத்துப் பார்.

தம்பி: எல்லாம் 4கே-யில் எடுத்தவைதான், அக்கா. 1% லோ ஒற்றைக் கார்டில் 33, இரட்டையில் வெறும் 36. வரம்பு வைத்த பிறகு கோடு 20 மில்லிவிநாடியை ஒட்டிச் சீராகிவிட்டது; திருப்பும்போது தடுமாற்றமும் தெரியவில்லை.

அக்கா: அப்படியானால் வரம்பை அப்படியே வைத்துக்கொள்.